அணிந்தவர் தெரியவில்லை

அஸ்டோரியா, ஆரிகன்
6 செப்டம்பர் 2008

அன்புத் தம்பி ஆர்விட்டுக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் இரத்த அழுத்தம் எப்படி? உப்புமீன் சாப்பிடுவதை விட்டாயா, இல்லை டாக்டரிடம் மட்டும் விட்டதாகச் சொல்கிறாயா?

போன மாதம் என் பையன் டேலும் மார்லாவும் அங்கே வந்தபோது நீ அவர்களுக்கு உன் மியூசியத்தைச் சுற்றிக் காட்டினாயாம். மருமகள் எடுத்த படங்களை நேற்றுத்தான் பார்த்தேன். சுரங்கக் கம்பெனி டாக்டரின் பை, ஊசி வேகவைக்கும் பாத்திரம், அதற்குப் பக்கத்தில் ஹெல்வி காலில் மாட்டி நடந்த காலிப்பர். இரும்புக் கம்பி, தோல் வார், முட்டிக்குக் கீழே அப்பா தைத்துப் போட்ட கம்பளித் துண்டு. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கீழே உன் கையெழுத்தில் ஓர் அட்டை.

"குழந்தையின் காலிப்பர். சுமார் 1950. அணிந்தவர் தெரியவில்லை."

மார்லா பக்கத்தில் வந்து, "ஏன் அத்தை அழுவுறீங்க?" என்றாள். கண் எரிகிறது என்றேன்.

தெரியவில்லையா? யாருக்கு? சனிக்கிழமைகளில் நம் தங்கையை முதுகில் சுமந்து கொல்லைக் கோடியில் இருந்த சவுனா நீராவி அறைக்குக் கொண்டுபோனது யார்? சூட்டில் இரும்பு அவள் தோலைப் பொசுக்கிவிடும் என்று அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பனியில் நின்றது யார்? அவள் குழிமேல் நட்ட மரச்சிலுவை மக்கிப்போய்விட்டது. கல் வைக்கலாமென்றால் இடம் எதுவென்றே தெரியவில்லை. அவள் பெயர் சர்ச் பதிவில் இருக்கிறது, அதுவும் பீரோவுக்குள். வெளிச்சம் படுகிற இடத்தில் அவள் பெயர் எங்கேயாவது இருக்குமென்றால் அந்தக் கண்ணாடிப் பெட்டிதான். அங்கே போய் நீ இப்படி எழுதி வைத்திருக்கிறாய்.

மாற்று. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா லெம்பி

*

டெம்பிள் லேக், மிச்சிகன்
19 செப்டம்பர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உப்புமீனை ஏறக்குறைய விட்டுவிட்டேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதாக முன்பு எழுதியிருந்தாய், அதை நிறுத்திவிடாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

மியூசியத்தை நடத்தும் எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. எந்தப் பொருளின் கீழும் ஒருவர் பெயரை எழுத வேண்டுமானால் எழுத்தில் ஓர் ஆதாரம் வேண்டும், அல்லது குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான். சுரங்கத் தீயில் ஆட்களை வெளியே கூட்டிவந்தவருடைய சாப்பாட்டுத் தூக்கு என்று ஒன்றுக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடின. சங்கத்தின் காலை விருந்தில் கைகலப்பே நடந்தது. ஒரு குடும்பம் நம் டீனோவுடையது. அவனிடம் நான் "வெளி ஆள் சாட்சி கொண்டு வா" என்றேன். அவனால் முடியவில்லை. "உரிமையாளர் தெரியவில்லை" என்ற அட்டையோடுதான் அவன் அப்பாவின் தூக்கு இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அவன் வந்து அதற்குத் தூசி தட்டுகிறான்.

அவனுக்கு மறுத்ததை என் தங்கைக்கு நான் எப்படிச் செய்துகொள்வது? எனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் நான் அண்ணன். என் அறிவு ஆதாரமாகாது. ஒருவேளை நான் தவறாக யோசிக்கிறேனோ என்னவோ. அக்டோபர் கூட்டத்தில் விஷயத்தை வைக்கிறேன்.

உன் உடல்நலம் பற்றி விவரமாக எழுது.

தம்பி ஆர்விட்

*

அஸ்டோரியா
2 அக்டோபர் 2008

தம்பிக்கு,

நலமே. நீயும் அப்படியே இரு.

நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவன் இப்படித்தான் எழுதுவான். சாட்சிதானே வேண்டும்? சைமா நீமி இன்னும் இருக்கிறாளாமே. ஹெல்வியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். போய்க் கேள். சீக்கிரம் கேள். யாருக்கும் வயது குறையவில்லை.

லெம்பி

*

டெம்பிள் லேக்
24 நவம்பர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே முழங்கால் உயரத்துக்குப் பனி. மற்றபடி குறையில்லை. உன் சேதி ஏதும் வராததால் நலமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் கூட்டம் நடக்கவில்லை. சங்கக் குழுவின் ஐந்து பேரில் மூவர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். தலைவர் ட்ரெம்பாத்தும் அவர் மனைவியும் முதல் உறைபனி விழுந்ததுமே ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார்கள். பாதிரியார் லுண்டுக்குக் காய்ச்சல். நவம்பர் கூட்டத்தை அறியாமல் மான் வேட்டை தொடங்கும் நாளில் வைத்துவிட்டேன். டீனோ, பாதிரியார், ஊர் முழுக்கக் காட்டில். நான் மட்டும் மியூசியத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று குறித்துவிட்டு வந்தேன்.

சைமாவை முதியோர் இல்லத்தில் பார்த்தேன். ஏலக்காய் ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். அவளுக்கு ஞாபகம் தெளிவாகவே இருக்கிறது. அதுதான் சங்கடம்.

"ஹெல்வியா? மறக்கவா முடியும்! என்னமா கயிறு தாண்டுவா தெரியுமா? அவளத் தாண்ட விட்டா எங்களுக்கு முறையே வராது. மணி அடிச்சுடும்."

"அவ கால்ல காலிப்பர் போட்டிருந்தாளே, அது?"

"காலிப்பரா? யாரு? ஹெல்வியா? போடா. அவ கால் மான் கால் மாதிரி. நீ வேற யாரையோ சொல்ற."

"போலியோக் காய்ச்சலுக்கு அப்புறம், சைமா."

"காய்ச்சலுக்கு அப்புறம் அவ ஸ்கூலுக்கே வரலியே. நாங்க பாக்கவே இல்ல. ஒரு நாள் சர்ச்சில வெள்ளைப் பெட்டி வச்சிருந்தாங்க. அம்மா என்னைக் கிட்டப் போக விடல."

அவள் ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டே, "நல்லா தாண்டுவா" என்று இன்னும் பலமுறை சொன்னாள். சாட்சி என்று பார்த்தால் இது நமக்கு எதிரான சாட்சி. இருந்தாலும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நகரத்து ஆஸ்பத்திரிக்கும் எழுதினேன். அந்தக் காலத்துக் காகிதங்களை வைத்துக்கொள்ளவில்லை என்று பதில் வந்தது.

கதகதப்பாக இரு.

ஆர்விட்

*

அஸ்டோரியா
17 டிசம்பர் 2008

தம்பி ஆர்விட்டுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. கை சரியாக ஓடவில்லை, நான் சொல்லச் சொல்ல மார்லா எழுதுகிறாள். கவலைப்படாதே, எழுத்து அவளுடையது என்றாலும் திட்டு என்னுடையது.

சைமா பொய் சொல்லவில்லை. கதவில் நோய் அறிவிப்பை ஆணி அடித்துப் போனார்களே, அதைப் பிடுங்கிய பிறகும் அம்மாவுக்கு அது அங்கேயே இருந்தது. அதற்கப்புறம் ஹெல்வி வாசல் தாண்டவில்லை. யாராவது வந்தால் மாடியறைக்குப் போய்விட வேண்டும். நடந்தால் சத்தம் கேட்கும் என்று கட்டிலில் உட்கார்ந்தே இருப்பாள். அவர்கள் போன பிறகு மேலே இரும்புச் சத்தம் கேட்கும். டக், இழுப்பு. டக், இழுப்பு. அவள் எனக்குச் சொன்னது இது: "அக்கா, நான் ஜன்னல் வரைக்கும் எண்ணிக்கிட்டே நடந்தேன். நீ கேட்டியா?"

நான் கேட்டேன். நீ கேட்டாய். வீட்டைத் தாண்டி யாரும் கேட்கவில்லை. நீ தேடுகிற வெளி ஆள் பிறக்கவே இல்லை. இதை எழுதி உன் விதியில் ஒட்டிக்கொள்.

உன் இரத்த அழுத்தம் எப்படி? உப்புமீன் சாப்பிடுவதை விட்டாயா? என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் இரத்த அழுத்தம் எப்படி?

லெம்பி

மாமா, அத்தை சொன்னபடியே எழுதியிருக்கிறேன். கடைசி வரியையும். சில நாட்களாக என்னைச் சைமா என்று கூப்பிடுகிறார். — மார்லா

*

டெம்பிள் லேக்
28 ஜனவரி 2009

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு உனக்கு நலம் தரட்டும். மார்லாவின் எழுத்து அழகாக இருந்தது. உன் கை பனிக்காலத்தில் சற்று இறுகியிருக்கும், வசந்தத்தில் சரியாகிவிடும் என்று நம்புகிறேன்.

கடைசியில் கூட்டம் நடந்தது, டீனோ வீட்டுச் சமையலறையில். மியூசியத்தில் கொதிகலன் நின்றுபோயிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். டீனோ, பாதிரியார் லுண்ட், நான். சரியாக மூவர்.

நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டீனோ, "தீர்மானம் போடறேன். பேரை எழுதணும்" என்றான். பாதிரியார் வழிமொழிந்தார். நான்தான் நிறுத்தினேன். சொந்த விஷயத்தில் நான் ஓட்டுப் போடக்கூடாது. நான் விலகிக்கொண்டால் இருவர்தான் மிச்சம். இருவர் போட்ட தீர்மானம் செல்லாது.

டீனோ கரண்டியைக் கீழே வைத்தான். "யோவ் வாத்தியாரே, உனக்குப் பைத்தியமா? உன் தங்கச்சி கால்ல கிடந்தது. உனக்குத் தெரியும், இப்ப நீ சொல்லி எனக்கும் தெரியும். எழுதித் தொலையேன்!"

"தூக்கு உங்க அப்பாவோடதுன்னு உனக்கும் தெரியும், டீனோ. நான் எழுத விடலியே."

"அதுக்குத்தானே வாரா வாரம் உன்னைத் திட்டிக்கிட்டு இருக்கேன். இப்ப உன் அக்காவும் திட்டணுமா? ஆளு சேர்க்கிறியா?"

பாதிரியார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் செல்லாது என்றே குறித்தேன். ஏப்ரலில் ட்ரெம்பாத் தம்பதி திரும்பியதும் முறையாக நிறைவேற்றிவிடலாம். சில மாதம்தானே.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. காலிப்பர் எப்படி அங்கே வந்தது என்று நீ கேட்டதில்லை. 1976-இல், நாட்டின் இருநூறாம் ஆண்டு விழாவில் சங்கம் தொடங்கிய கோடையில், ஒரு காலை மியூசியப் படியில் மாவுச் சாக்கு ஒன்று கிடந்தது. சாக்கைக் கட்டியிருந்த முடிச்சு அம்மாவுடையது. அன்று மாலை அவளுடன்தான் சாப்பிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "கண்ணாடிப் பொட்டியெல்லாம் நல்லா பூட்டு இருக்கில்ல?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

பெயர் சொல்லாமல் வைத்தவளின் விருப்பத்தை நான் மீறலாமா என்பதும் எனக்குள் ஓடுகிறது. உன் கருத்தை எழுது.

ஆர்விட்

*

டெம்பிள் லேக்
3 மார்ச் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. என் போன கடிதம் உன்னைக் கோபப்படுத்தியிருக்கும். சாக்கு விஷயத்தை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கொதிகலனோடு கூரையும் போய்விட்டது. வடக்கு மூலையில் பனிப்பாரம் தாங்காமல் உள்ளே இறங்கிவிட்டது. மே மாதத்தோடு மியூசியத்தை மூடுகிறோம். அதற்கும் தீர்மானம் வேண்டும். ஆனால் கூரை எங்களைக் கேட்கவில்லை.

நகரத்துப் பெரிய மியூசியத்திலிருந்து ஏப்ரலில் ஆள் வருகிறார்கள். வரலாறு தெரிந்த பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்களாம். "தெரியவில்லை" என்று அட்டை உள்ளவை ஏலத்துக்குப் போகும், ஏலத்தில் போகாதவை குப்பைக்கு. நேற்றுச் சுற்றிப் பார்த்தேன். பாதிக்கு மேல் என் கையெழுத்தில் அந்த ஒரே சொல்தான்.

என்ன செய்வதென்று சொல், அக்கா. ஒரு வரி போதும்.

ஆர்விட்

*

அஸ்டோரியா
20 மார்ச் 2009

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று தடுத்திருந்தார். இனி மறைப்பது சரியில்லை. போன கோடையிலிருந்தே அவருக்கு மூளையில் சிறு சிறு அடைப்புகள். ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறது. நாங்கள் உங்கள் ஊருக்கு வந்ததே அவருக்காக அந்த இடங்களைப் படமெடுக்கத்தான். இந்த வாரம் டேலின் பெயர் போய்விட்டது.

உங்கள் இரண்டு கடிதங்களையும் ஒரு நல்ல காலையில் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பழைய அத்தையாகவே சிரித்தார்.

"அந்த லத்தீன் வாத்தியாருக்கு எழுதுடி. வெளி ஆளு வேணுமாம்ல? நான் அந்த ஊரை விட்டு வந்து அம்பது வருஷமாச்சு. தெருவுல போனா நாய்கூட என்னைப் பாத்துக் குரைக்கும். நான் அசலூர்க்காரி. என் சாட்சி செல்லும்னு எழுது."

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா பூட்டு இருக்கான்னுதான் கேட்டா. பேரை எழுதாதேன்னு சொல்லலியே" என்றார்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள், மாமா.

மார்லா

*

டெம்பிள் லேக்
19 ஏப்ரல் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று இதுவரை நான் எழுதியதெல்லாம் வெறும் வழக்கம். இப்போது உண்மையாகவே கேட்கிறேன்.

எழுதிவிட்டேன். ஏப்ரல் கூட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. மார்லாவின் கடிதம் வந்த அன்றே மியூசியத்துக்குப் போய், கையுறையோடு பென்சில் பிடிக்க வராமல், அதைக் கழற்றிவிட்டு எழுதினேன். அட்டையில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

"ஹெல்வி காங்கஸ் அணிந்தது. பிறப்பு 1943, இறப்பு 1954. இதைப் போட்டுக்கொண்டு அவள் நடந்ததை வீட்டுக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இருவர்: அக்கா லெம்பி, அண்ணன் ஆர்விட்."

பிறகு தூக்கு இருந்த அலமாரிக்குப் போய் டீனோவின் அப்பா பெயரையும் எழுதினேன். மறுநாள் தூசி தட்ட வந்தவன் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் காலிப்பர் பக்கம் வந்து அட்டையைப் படித்தான். தொப்பியைக் கழற்றினான்.

"இத்தன வருஷமா இங்கயேவா இருந்தா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாய்யா? இவளுக்கும் சேர்த்துத் துடைச்சிருப்பேனே."

நகரத்து மியூசிய அம்மாள் நேற்று வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து காலிப்பர் முன் நின்றார். "இது யாருதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். "நான் பார்த்தேன்" என்றேன். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" "அண்ணன்."

மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் சாதாரணமாக எழுதிக்கொண்டார். "வீட்டு மனுஷங்க சொல்றதைத்தானே நாங்க முதல்ல கேப்போம்" என்றார். அதோடு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், அக்கா. அவருக்கு அது ஒரு பேச்சே இல்லை.

மே மாதக் கடைசியில் வந்து எடுத்துச் செல்வார்கள். அங்கே நல்ல வெளிச்சம், நல்ல கதகதப்பு, நல்ல பூட்டு.

உன் கையால் ஒரு வரி வேண்டாம். மார்லா கையால் ஒரு திட்டு அனுப்பு.

உன் தம்பி ஆர்விட்

*

அஸ்டோரியா
11 மே 2009

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமா? இதை எழுதக் கொஞ்சம் நாள் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதம் வந்தபோது அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். ஏப்ரல் நடுவில் பெரிய அடைப்பு ஒன்று வந்தது. வலி இல்லை. சாப்பிடுகிறார், ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றில் போகிற கப்பல்களைப் பார்க்கிறார். கடிதத்தை வாசித்தேன். அட்டையில் எழுதியதை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"பாவம். யாரு அந்தப் பொண்ணு?" என்றார்.

உங்கள் தங்கை என்றேன். தலையாட்டிவிட்டு, "நல்லா எழுதியிருக்கார். யாரு அவரு?" என்று கேட்டார்.

மன்னியுங்கள், மாமா. உங்களுக்குப் பொய் எழுத மனம் வரவில்லை.

மார்லா

*

டெம்பிள் லேக்
30 மே 2009

அன்பு மார்லாவுக்கு,

நான் சுகம். நீயும் டேலும் நலமா? அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்தது நல்லது. காலுக்குப் போர்வை போடு.

நேற்று வண்டி வந்தது. காலிப்பரைப் பொதிவதற்கு முன் அட்டையைச் சரிபார்த்துத் தரும்படி கேட்டார்கள். எந்தப் பொருள் வெளியே போனாலும் அதைச் செய்வது என் வழக்கம்தான். "நினைவில் வைத்திருப்பவர்கள் இருவர்" என்று இருந்தது. நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் அது இப்போது சரியில்லை. பென்சிலும் ரப்பரும் மேசைமேல்தான் இருந்தன. வண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். டீனோ வாசலில் நின்றுகொண்டு, "என்ன வாத்தியாரே, மறுபடியும் விதியா?" என்றான்.

ஒன்றுமில்லை என்றேன். அட்டையை அப்படியே கொடுத்துவிட்டேன்.

கட்டடம் காலி. பூட்டிச் சாவியைப் பாதிரியாரிடம் தந்தாகிவிட்டது. ஹெல்வி ஒரு மூலையிலிருந்து ஜன்னல் வரை நடக்கும் தூரம் எவ்வளவு இருக்கும் என்று, நாங்கள் வளர்ந்த வீட்டின் மாடியறைக்குப் போய் நடந்து பார்த்தேன். அதிகம் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்லி அக்காவைக் குழப்ப வேண்டாம். ஹெல்வியைத் தெரிந்த அசலூர்க்காரர் ஒருவர் நலம் விசாரித்தார் என்று மட்டும் சொல்.

ஆர்விட்